உப்பு போக, டாக்டர் சாம்பமூர்த்தி

ஆம்பூர் நகரத்தாருக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் ஒரு செய்தி. கடைத்தெருவின் பின்சந்தில் இருக்கும் வைத்தியசாலையின் முன்னறையில், முக்காலியின் மேல், நெடுங்காலமாக வீற்றிருந்த பித்தளைப் பீப்பாயின் தண்ணீர், சென்ற செவ்வாய்க்கிழமை காலை கொல்லை முருங்கை மரத்தின் வேரில் ஊற்றப்பட்டது. தண்ணீர் எந்தத் துன்பமும் இல்லாமல் மண்ணில் இறங்கியது. முருங்கை மரம் நலம். தண்ணீருக்கு வாரிசு யாரும் இல்லை.

இந்தச் செய்தியை என் காதுக்குக் கொண்டுவந்தவன் என் தோஸ்த் யாகூப். பள்ளிக்கூடத்து மதில்மேல் ஏறிக்கொண்டு, ஐந்தாம் பாரம் வகுப்பு முழுவதும் கேட்கும்படி கத்தினான்.

“டேய் வரதா! பீப்பா தண்ணிய ஊத்திட்டாங்கடா!”

“இன்னாத்துக்கு?”

“பீப்பா டாக்டர் போய்ட்டாரு.”

“எங்க, அவர் ஊருக்கா? கும்பகோணத்துக்கா?”

“அதுக்கும் மேல.”

“மெட்ராஸுக்கா?”

“மேலன்னா மேலடா!” என்று விரலை வானத்தை நோக்கி நீட்டினான். நீட்டிய வேகத்தில் மதிலிலிருந்து கீழே விழுந்தான். எங்கள் வகுப்பில் அன்று டாக்டருக்காகச் சிந்தப்பட்ட கண்ணீர் எல்லாம் யாகூப்பின் முழங்காலுக்காகச் சிந்தப்பட்டதுதான்.

விவரம் பிறகு தெரிந்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே அவருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. வேலூருக்கு அழைத்துப்போக வண்டி பேசட்டுமா என்று கம்பவுண்டர் கேட்டிருக்கிறார். “ஒன்றும் வேண்டாம். வயசும் எடையும். வேறென்ன?” என்று சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தவர், சாய்ந்தவர்தான். ஊருக்கெல்லாம் கொடுத்த பதிலைத் தனக்கும் கொடுத்துக்கொண்டு போனார்.

நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு நினைவஞ்சலி வேண்டும் என்று தமிழ் ஐயா சொன்னபோது, வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. “அவரோட ஜாஸ்தி பழகினவன் நீதான்டா, நீயே எழுது” என்றார் ஐயா. பழகியதாகச் சொல்ல முடியாது. பழி வாங்கியதாகச் சொல்லலாம். போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று எச்சரிக்கையும் செய்தார். அஞ்சலி என்று தலைப்புப் போட்டுக்கொண்டு அஞ்சி அஞ்சி எழுத என்னால் ஆகாது. அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் சாம்பமூர்த்தியை எனக்குப் பிடிக்காது. இருந்தபோது பிடிக்கவில்லை, இல்லாமல் போனதற்காகப் பிடித்துவிடாது. மேலும், இந்த ஊரில் அவரை வாயடைக்க வைத்த ஒரே ஆள் நான்தான். அது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக அதையும் எழுதுகிறேன்.

ஆளைச் சொல்கிறேன். பட்டாளத்தில் டாக்டராக இருந்து, அரேபியப் பாலைவனம் வரைக்கும் போய்த் திரும்பியவர். பெரிய உடம்பு, பெரிய மீசை, சின்னக் கண்ணாடி. அவர் நம் ஊருக்கு ரயிலில் வந்து இறங்கியபோது கூடவே வந்ததுதான் அந்தப் பித்தளைப் பீப்பாய். அதற்குள் முக்கால்வாசி தண்ணீர். தண்ணீரில் கவிழ்த்து வைத்த இன்னொரு சின்னப் பீப்பாய். பக்கத்தில் ஒரு ரப்பர்க் குழாய். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு குழாயில் ஊதினால், சின்னப் பீப்பாய் தண்ணீரிலிருந்து மேலே எழும்பும். எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு உங்கள் நெஞ்சின் கொள்ளளவு. மூச்சுமானி என்று அவர் பெயர் வைத்திருந்தார். ஊர் பீப்பாய் என்று பெயர் வைத்தது. பீப்பாய் பெயர் அவருக்கும் பொருந்தியதால் ஊர் இன்னொரு பெயர் தேடிச் சிரமப்படவில்லை.

நான் மூன்றாம் பாரம் படிக்கும்போது, பிள்ளைகளின் மூச்சை அளக்கிறேன் என்று பீப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஒவ்வொருவராக ஊதினோம். என் முறை வந்தது. எல்லோரும் ஊதுகிறார்களே, நாம் உறிஞ்சினால் என்ன ஆகும் என்று ஒரு விஞ்ஞானச் சந்தேகம் எனக்கு எழுந்தது. உறிஞ்சினேன். சின்னப் பீப்பாய் தடால் என்று அடியில் உட்கார்ந்தது. அப்புறமும் விடாமல் உறிஞ்சியதில் தண்ணீரே குழாய் வழியாக வாய்க்குள் வந்துவிட்டது. எனக்கு முன்னால் ஊதிய நாற்பது பேரின் எச்சிலும் பித்தளைக் களிம்பும் கலந்த தீர்த்தம். நான் துப்பிக்கொண்டிருக்கும்போது டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னார்:

“மூச்சு கம்மி, பேச்சு ஜாஸ்தி.”

நம் ஊரில் அவர் கற்றுக்கொண்ட சொற்கள் அந்த இரண்டுதான், கம்மியும் ஜாஸ்தியும். இன்னா என்று நாம் கேட்டால் மூக்கைச் சுளித்து “என்ன என்று கேள்” என்பார். கம்மியையும் ஜாஸ்தியையும் மட்டும் வாய் நிறையச் சொல்வார், ஏனென்றால் அவருடைய வைத்தியத்துக்கு அவை இரண்டே போதும். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் எனக்கு அதுவே பட்டப்பெயர் ஆயிற்று. ‘மூச்சுக்கம்மி’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பழகிவிட்டது. இது முதல் பகை.

அவர் முன்னறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. கீழே வயது, பக்கவாட்டில் எடை, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். உங்கள் வயதுக்கோட்டில் ஒரு விரல், எடைக்கோட்டில் ஒரு விரல் வைத்து இரண்டையும் நகர்த்தினால், அவை சந்திக்கிற இடத்தில் உங்களுக்கு எவ்வளவு மூச்சு இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். வயது ஏற ஏற மூச்சு இறங்கும். எடை ஓரளவுவரை ஏறினால் மூச்சும் கூட ஏறும். அதற்கு மேல் ஏறினால் மூச்சு இறங்கும். “வயசு ஒரு பக்கம், எடை ஒரு பக்கம், நடுவில் நீ” என்பது அவருடைய பொன்மொழி. நடுவில் இருக்கிற அந்த ‘நீ’யை அவர் பார்த்ததே இல்லை. ஒல்லியான ஆள் இருமிக்கொண்டு வந்தால் எடை கம்மி, அதனால் நெஞ்சைத் தள்ளத் தெம்பில்லை. பருமனான ஆள் வந்தால் எடை ஜாஸ்தி, அதனால் நெஞ்சு விரிய இடமில்லை. இரண்டும் இல்லாத ஆள் வந்தால் வயது. எடைதான் தடை, எடைதான் விடை. முதல் எழுத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு முழு ஊருக்கும் வைத்தியம் பார்த்தார்.

ஆனால் அவர் உண்மையில் தேடியது கழுத்துக் கழலைக்காரர்களை. தொண்டையில் இருக்கும் தைராய்டு என்கிற சுரப்பி கெட்டால் மூச்சு என்ன ஆகிறது என்று அவர் ஆராய்ச்சி செய்தார். குறைகிற மூச்சில் கழலை தின்றது எவ்வளவு, வயது தின்றது எவ்வளவு, எடை தின்றது எவ்வளவு என்று பிரித்துப் பங்கு போட வேண்டுமாம். கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம் இருந்தால் போதும், வாணியம்பாடியிலிருந்தோ விரிஞ்சிபுரத்திலிருந்தோ ஆளை வரவழைத்து பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து உழுதுகொண்டிருந்தவரைக்கூட ஏரோடு விட்டுவிட்டு வரச் சொன்னார். கழலைகள் வரிசையாக உட்கார்ந்து, வரிசையாக ஊதிவிட்டு, வரிசையாகப் போகும். மருந்து என்று கேட்டால் “முதலில் அளப்போம்” என்பார். தொண்டைக்குத் தொண்டு செய்கிறாராம்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் அம்மா போனாள்.

என் அம்மாவின் குரலை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்கள் செவிடர்களாக இருக்க வேண்டும். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தொட்டிகளுக்கு மேஸ்திரி. அவரைச் சாப்பிடக் கூப்பிட அம்மா ஷாப்புக்குப் போனதே இல்லை. வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பாள். பாலாற்றங்கரையில் இருக்கிற அப்பா கை கழுவ ஆரம்பிப்பார். அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்தது. பிறகு கனத்தது. பிறகு வாசலைத் தாண்டவில்லை. முகம் உப்பியது. கழுத்தில் ஒரு மேடு எழுந்தது. சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். குடத்தை இடுப்பில் வைத்தால் மூன்று வீடு தாண்டுவதற்குள் நின்று மூச்சு வாங்கினாள். அவள் என்னைத் திட்ட ஆரம்பித்தால், பாதி வாக்கியத்தில் மூச்சு தீர்ந்துபோய், மீதித் திட்டை நானே ஊகித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

நான்தான் துணைக்குப் போனேன். அப்போது டாக்டரிடம் பட்டாளத்துத் தராசு நாற்காலி ஒன்று இருந்தது.

“என்ன வயசு?”

“நாப்பது இருக்குங்க ஐயா. தொண்டையில இன்னாவோ அமுக்கற மாதிரி...”

“தொண்டை எங்கேயும் போகாது. நாற்காலியில் உட்கார்.”

உட்கார்ந்தாள். முள் ஓடியது. பீப்பாயில் ஊதினாள். சின்னப் பீப்பாய் ஏதோ பெரியவர் எழுந்திருப்பதுபோல் கொஞ்சம் எழும்பிவிட்டு உட்கார்ந்துகொண்டது. டாக்டர் சுவர்ப் படத்தில் இரண்டு விரல்களை ஓட்டினார்.

“எடை ஜாஸ்தி. அதனால்தான் மூச்சு கம்மி. கழலை சின்னது, அது ஒன்றும் செய்யவில்லை. அரிசியை நிறுத்து. எடையை இறக்கிக்கொண்டு வா.”

“நான் ஒண்ணும் ஜாஸ்தி துன்றது இல்லைங்க...”

“எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள். மூச்சு பொய் சொல்லாதம்மா. வாய்தான் சொல்லும்.”

வெளியே வந்து அம்மா என்னிடம் கேட்டாள். “டேய், நான் பொய்யாடா சொன்னேன்?”

அரிசியை நிறுத்தினாள். காலையில் ஒரு கிண்ணம் ராகிக் கூழ், சாயங்காலம் ஒரு கிண்ணம். எங்களுக்குச் சோறு வடித்துப் போட்டுவிட்டுக் கஞ்சியைக்கூடத் தொடாமல் எழுந்துவிடுவாள். அப்பா கெஞ்சினால், “டாக்டர் சொல்லிட்டாரு” என்பாள். ஆடி மாசம் முழுவதும் இப்படி. ஆவணியில் திரும்பப் போனோம். அதற்குள் நகரசபைக் கான்ட்ராக்டர் ஒருவர் உட்கார்ந்து தராசு நாற்காலியின் ஸ்பிரிங்கை அதன் வாழ்நாள் கடமையிலிருந்து விடுவித்திருந்தார். ஆகவே டாக்டர் நோயாளிகளை எடை பார்க்கத் தோல் மண்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே உத்தரத்தில் பெரிய தராசு தொங்கும். ஒரு தட்டில் படிக்கல், இன்னொரு தட்டில் தோல். தோலுக்குப் பதில் ஆள்.

மண்டியில் நிறுவைக்காரர் மஸ்தான் பாய். கசாப்புக்கூடத்துத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவித்தான் மண்டிக்கு வரும். அந்த உப்பின் கனத்தைக் கழித்துத்தான் எடை கூவ வேண்டும் என்பது மண்டி வழக்கம். மனசுக்குள்ளேயே கழித்துவிட்டு, “அஞ்சு மணங்கு... மூணு வீசை... உப்பு போக!” என்று ராகம் போட்டுக் கூவுவார். மசூதியில் பாங்கு சொல்லப் போயிருக்க வேண்டிய குரல், தோலில் வந்து மாட்டிக்கொண்டது.

அம்மா தயங்கித் தயங்கித் தட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“தங்கச்சி, சங்கிலிய கெட்டியா புடிச்சுக்கோ. ஆட்டுத்தோல் ஆடாது. ஆளுங்கதான் ஆடுவாங்க.”

“சீக்கிரம் பாருங்க பாய், மானம் போவுது.”

மஸ்தான் பாய் படிக்கல்லை மாற்றி மாற்றி வைத்தார். எடையை வழக்கமான ராகத்தில் கூவினார். வழக்கமான வாலையும் ஒட்டினார். கூட வந்த கம்பவுண்டர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்.

எண்ணைக் கேட்டு டாக்டருக்கு முகமெல்லாம் மீசையாயிற்று. “பார்த்தாயா! இறங்கியிருக்கிறது!” அப்புறம் அம்மா ஊதினாள். சின்னப் பீப்பாய் முன்பு எழும்பிய அளவுகூட எழும்பவில்லை. ஊதி முடித்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் படத்தைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவில்லை.

“எடை போய்விட்டது. மூச்சு வரவில்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது வயசுதான்.”

“நாப்பதுல இன்னா ஐயா வயசு?” என்றார் கூட வந்திருந்த அப்பா.

“சிலருக்கு நாற்பதிலேயே அறுபது. கழலையாக இருந்தால் வேலூருக்கு எழுதி அறுத்து எடுக்கச் சொல்லலாம். வயசை அறுத்து எடுக்க எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் கத்தி இல்லை.”

இந்த வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன். பெருமையாகச் சொன்னார். சொல்லழகு தனக்கும் உண்டு என்று காட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அந்தச் சொல்லழகைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அம்மா, படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்க ஆரம்பித்தாள். பகலிலும் தூங்கினாள். விழித்திருக்கிற நேரத்தில் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, உலை எப்போது கொதிக்கிறது, அரிசி எவ்வளவு போடுவது, எப்போது வடிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எதற்கு என்று தெரிந்துவிட்டதால் கேட்கவில்லை. அவள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் வேண்டுமென்றே தப்பாகச் செய்தேன். நான் கற்றுக்கொள்ளாதவரை அவள் போக மாட்டாள் என்று ஒரு கணக்கு.

பழி வாங்க ஆரம்பித்ததும் அப்போதுதான். வைத்தியசாலைச் சுவரில் கரித்துண்டால் நான் எழுதிய பாட்டு உங்களுக்கு நினைவிருக்கும்:

எடையைக் கேட்டார், வயதைக் கேட்டார்,
என்ன நோவென்று கேட்க மறந்தார்.

கம்பவுண்டர் அழிப்பார். நான் மறுநாள் எழுதுவேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கழலைக்காரர்கள் அதை மனப்பாடம் செய்து அவரவர் ஊருக்குக் கொண்டுபோனார்கள். கற்பூரவாசம் வீசும் அந்த முன்னறைக்குள் யாகூப்பும் நானும் ஒரு பகல் நேரத்தில் புகுந்து, சுவர்ப் படத்தில் வயது என்று இருந்த இடத்தில் வழுக்கை என்றும், எடை என்று இருந்த இடத்தில் மீசை என்றும் எழுதி ஒட்டிவிட்டு வந்தோம்.

இனி என் வெற்றி. புரட்டாசியில் வாசகசாலையில் டாக்டர் ஒரு பிரசங்கம் செய்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள், தோல் வியாபாரிகள், வாத்தியார்கள், பின்னால் நாங்கள். வேகமாகச் சுரக்கிற தைராய்டு சதையைக் கரைத்து ஆளை இளைக்க வைக்கும், மார்புத் தசையும் இளைப்பதால் மூச்சு குறையும். மந்தமாகச் சுரப்பது ஆளை ஊத வைத்து மூச்சை அமுக்கும். ஆனால் வயதையும் எடையையும் கழிக்காமல் எதையும் கழலையின் தலையில் கட்டக் கூடாது என்று விளக்கினார். அதற்கு உதாரணமாக, “இந்த ஊரில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. எடை இறங்கியும் மூச்சு ஏறவில்லை. ஆகவே கழலை குற்றவாளி இல்லை, வயதே குற்றவாளி” என்றார். என் அம்மாவைப் பெயர் சொல்லாமல் சபையில் நிறுத்தி, தீர்ப்புச் சொன்னார்.

நான் எழுந்தேன்.

“ஐயா, எங்க ஊர் தராசுல ஏறினா மனுஷனும் தோல்தான். உப்பு கழிச்சுத்தான் எடை சொல்வாங்க!”

சபை சிரித்தது. டாக்டர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. பேச்சு கம்மி! நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நடுவழியாக, நிதானமாக நடந்து வெளியே போனேன். எடை இறங்கவே இல்லை, மஸ்தான் பாய் பழக்கதோஷத்தில் உப்பைக் கழித்திருக்கிறார் என்பது அன்றே விளங்கிற்று. உண்மையில் அம்மா அரைவயிற்றுக் கூழிலும் எடை ஏறியிருந்தாள். பட்டினி கிடந்தும் உடம்பு ஏறுகிறது, சித்திரையில் குளிருகிறது, குரல் கனக்கிறது, தூக்கம் தள்ளுகிறது என்றால் சுரப்பி மந்தமாகிச் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். அதற்கு மருந்தும் இருக்கிறதாம். ஆட்டின் தைராய்டைக் காயவைத்து இடித்த மாத்திரை. மெட்ராஸிலிருந்து ரயிலில் வரவழைத்தார்கள். ஆட்டுத்தோல் தராசு கவிழ்த்ததை ஆட்டுத்தொண்டை நிமிர்த்தியது. சின்ன அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டினார்கள். ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தபோது அம்மா படுத்துத் தூங்கினாள். தை மாசத்தில் ஒரு நாள் நான் ஆற்றங்கரையில் சீட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது, வீட்டு வாசலிலிருந்து முழுசாக ஒரு திட்டு வந்து சேர்ந்தது. நடுவில் மூச்சு வாங்காத திட்டு. யாகூப் சீட்டைக் கீழே போட்டுவிட்டு, “ஆயிடுச்சுடா, உங்கம்மாவுக்கு உடம்பு நல்லா ஆயிடுச்சு” என்று குதித்தான்.

இத்தனைக்கும் டாக்டர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. “தராசு பொய் சொல்லிவிட்டது” என்றார். அப்பாவிடமும் அதையே சொன்னார். அம்மாவை மறுபடி வரவழைத்து ஊதச் சொல்லி, சின்னப் பீப்பாய் படத்தில் போட்டிருந்த அளவுவரை எழும்பியதும், தன் சொந்தப் பிள்ளை பாஸ் செய்ததுபோல மீசையைத் தடவிக்கொண்டார். என்னைப் பார்த்தால் அதே ‘மூச்சு கம்மி, பேச்சு ஜாஸ்தி’. ஒரு பெண்ணை ஆடி மாசம் முழுவதும் பட்டினி போட்டவர், அவள் சொன்னதைப் பொய் என்றவர், அவளுடைய நாற்பது வயதை அறுபதாக்கியவர். ஆகவே இந்த அஞ்சலியை இங்கேயே நிறுத்தியிருப்பேன்.

ஆனால் தமிழ் ஐயா இதைப் படித்துவிட்டு, “வாசகசாலையில நானும் இருந்தேன்டா” என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

சரி.

நான் வாசகசாலையில் எழுந்து சொன்னது அந்த வாக்கியம் மட்டும் இல்லை. அதற்கு ஒரு மறுபாதியும் உண்டு. “உங்களைத் தராசுல நிறுத்து உப்பு கழிச்சா மிச்சமே இருக்காது ஐயா!” சபை சிரித்தது அந்த மறுபாதிக்குத்தான். நான் எழுந்ததும் அதற்குத்தான். உப்பு, தோல், டாக்டர் என்று மூன்றும் ஒரு வாக்கியத்தில் உட்காருகிறதே என்ற சந்தோஷத்தில் சொன்னேன். மண்டி வழக்கம் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும், அம்மா தட்டில் உட்கார்ந்தபோது அந்தக் கூவலைக் காதால் கேட்டேன், அதில் அவள் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அது ஒரு சிலேடை. அவ்வளவுதான்.

சபையில் சிரிக்காதவர் ஒரே ஒருவர். முகம் சுண்ணாம்புக் குழியில் போட்ட தோல்போல் வெளுத்துப்போய், “என்ன சொன்னாய்? உப்பா? திரும்பச் சொல்” என்று மேடையிலிருந்து இறங்கி என்னை நோக்கி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நடுவழியாக நிதானமாக நடந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? ஜன்னல் வழியாகக் குதித்தேன். கடைத்தெருவில் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அந்தப் பெரிய உடம்பு, செருப்பில்லாமல், வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் பின்னால் ஓடி வருகிறது. அப்பாவின் ஷாப்புக்குள் நுழைந்து ஆவாரம்பட்டைக் குவியலின் பின்னால் பதுங்கினேன். அந்தப் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டார். அந்தச் சத்தம் குவியலைத் தாண்டிக் கேட்டது.

“பையா... உப்பு... எவ்வளவு... கழிப்பார்கள்?”

பேச்சு ஜாஸ்தியான நான், வாயைப் பட்டைத்தூள் அடைக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவர் மண்டிக்குப் போனார். மஸ்தான் பாயிடம் கேட்டு, தானே தட்டில் ஏறி உட்கார்ந்து, உப்போடு ஒருமுறை, உப்பில்லாமல் ஒருமுறை எடை சொல்லச் சொன்னாராம்.

விளக்கேற்றும் நேரத்தில் நான் பூனைபோல வீட்டுக்குள் நுழைந்தபோது, டாக்டர் அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். படம் இல்லை, பீப்பாய் இல்லை. அவள் கழுத்தில் கை வைத்து, விழுங்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். “குளிருகிறதா? எப்போதிலிருந்து? நீ சொல்லம்மா, நான் கேட்கிறேன்” என்றார். அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் மூச்சு வாங்கியபோதெல்லாம் அவர் காத்திருந்தார்.

“உங்களுக்கு யாருங்க ஐயா சொன்னது?” என்று அப்பா கேட்டார்.

டாக்டர் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுப்பார் என்று ஓடத் தயாரானேன்.

“உங்கள் பையன்தான் கண்டுபிடித்தான். எனக்குத் தோன்றவில்லை.”

இதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஊரில் நெஞ்சை நிமிர்த்தினேன். இந்த ஒரு பொய்க்காகவும் அவரை எனக்குப் பிடிக்காது. திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பொன்மொழிகள் அல்ல. பட்டைக் குவியலுக்கு அந்தப் பக்கம் கேட்ட மூச்சுச் சத்தம். அடிக்க வருகிறவனின் மூச்சு என்று நினைத்தேன். கேட்க வந்தவரின் மூச்சு.

அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. தன் பிள்ளை கண்டுபிடித்ததால்தான் பிழைத்ததாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தமிழ் ஐயா, தோஸ்துகளே, இந்தப் பத்திரிகையை எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் கொண்டுவர வேண்டாம். அவளுக்குக் குரல் முழுசாகத் திரும்பிவிட்டது. சொன்னால் ஆற்றுக்கு அந்தக் கரையிலும் கேட்கும்.